அஞ்சாம் பந்தல்

பூதலூர்
11.1.2026

ஷைலஜாவுக்கு,

‘அன்புள்ள’ போட மனசு வரவில்லை. போடாமலே எழுதுகிறேன்.

உன் நம்பரை ப்ளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. அது அப்படியேதான் இருக்கும். போனில் நீ “பூர்ணி” என்று ஆரம்பித்தால் எனக்கு அழுகை வரும், அப்புறம் சண்டை வரும், காரியம் நடக்காது. தபாலில் சண்டை போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறும். அதனால்தான் இந்தக் கடிதம்.

காரியம் இதுதான். சித்திரையில் சமயபுரத்துக்கு நடை வருகிறது. வழக்கம்போல் தஞ்சாவூர் ஜனமும் எங்கள் பூதலூர் ஜனமும் புது ஆற்றுக் கரையோடு நடக்கப் போகிறது. வழிநெடுக பன்னிரண்டு அன்னதானப் பந்தல். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இணைய வரைபடத்தில் பன்னிரண்டையும் இந்தத் தடவை நான் குறிக்கப் போகிறேன். நீ இல்லை, நான். எப்படிக் குறிப்பது என்று மட்டும் சொல்லிக் கொடு. என் கம்ப்யூட்டர் கடையில் பட்டா எடுத்துக் கொடுக்கிறேன், ஆதாரில் பிழை திருத்திக் கொடுக்கிறேன். இதையும் கற்றுக்கொள்ள மாட்டேனா?

போன வருஷம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். காலை ஒன்பது மணி. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நான் போனில் வரைபடத்தைத் திறந்தேன். நாங்கள் நின்ற இடத்தில் ‘5’ என்று போட்டிருந்தது. “அஞ்சாம் பந்தலுக்கு வாங்க” என்று ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வண்டி ஓட்டிய ஹாஜா மைதீன் அண்ணன் கையில் நீ அச்சடித்துக் கொடுத்த தாள் இருந்தது. அந்தத் தாளில் அஞ்சாம் பந்தல் பத்துக் கிலோமீட்டர் பின்னால். நாங்கள் நின்ற இடம் உன் தாளில் எட்டு. அண்ணன் அங்கே தேட, நான் இங்கே வழி பார்க்க, கூட்ட நெரிசலில் டவரும் இல்லாமல் போக, ஐம்பது நிமிஷம் போயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது காதிலேயே நிற்கிறது.

நீ உன் ஊர் தஞ்சாவூரிலிருந்து எண்ணினாய். இங்கே நடைக்கு அவரவர் ஊர் வாசலிலிருந்துதான் எண்ணுவார்கள், அம்மன் அப்படித்தான் அடியை எண்ணுவாள் என்பார்கள். எங்களுக்கு அஞ்சு, உங்களுக்கு எட்டு. இது உனக்கும் தெரியும். ஒரே எண்ணாக இருக்கட்டும் என்று நீதான் சொன்னாய், நானும் சரி என்றேன். பிறகு வரைபடத்தில் ஒன்றும் தாளில் ஒன்றும் எப்படி வந்தது? ஒரே ஆள் பார்த்த வேலையில் ரெண்டு கணக்கு எப்படியடி வரும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அந்தக் குனிந்த தலையை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

இவருக்கு வலது கை வரவில்லை. கால் இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு என்றால் “இல்ல” என்ற ஒரே வார்த்தை. சாப்பிட்டாச்சா என்றாலும் இல்ல, மழை வருதா என்றாலும் இல்ல. உன் பெயரை எடுத்தால் போதும், இடது கையால் கட்டிலை அறைகிறார். அவ்வளவு ஆத்திரம் உன்மேல்.

பதில் போடு.

பூர்ணிமா

பி.கு. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இதை மட்டும் அன்போடு கேட்கிறேன்.


பெங்களூரு
19.1.2026

அன்புள்ள பூர்ணி,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா, “யாருடி, பூர்ணிமாவா? திட்டியிருக்காளா? திட்டட்டும், திட்டறவாதான் நம்மவா” என்றாள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் கோபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஐம்பது நிமிஷம் போனது போனதுதான். உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

எண்ணே வேண்டாம். பெயர் போடு. அதுவும் பந்தலின் பெயர் வேண்டாம். பந்தல் பத்து நாள் நிற்கும், வரைபடம் வருஷம் முழுக்க நிற்கும். அந்த இடத்தில் என்றைக்கும் என்ன இருக்கிறதோ அதை எழுது. மதகு இருந்தால் மதகு, ரைஸ்மில் இருந்தால் ரைஸ்மில். கண்ணால் பார்க்காத எதையும் எழுதாதே. “அங்கே குழாய் இருக்கு” என்று யாராவது சொன்னால், போய்த் திறந்து பார்த்துவிட்டு எழுது. ஒரு இடத்தைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரரும் பூதலூர்க்காரரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அது பெயர்.

உன் பெயரில் புதுக் கணக்கு ஒன்று ஆரம்பி. படிப்படியாகத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வருஷத்துப் புள்ளிகளை நீ தொட வேண்டாம். அவற்றை நானே நீக்கிவிடுகிறேன். நீ புதிதாய்ப் போடு.

தியாகு அண்ணனைக் கேட்டதாகச் சொல். அவர் ஆத்திரப்பட்டாலும் சொல்.

உன்,
ஷைலு


பூதலூர்
8.2.2026

ஷைலஜா,

நீ நீக்க வேண்டாம். நான்தான் நீக்குவேன். என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்த புள்ளி அது, என் கையால்தான் அழிய வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

இங்கே ஒரு மாதமாக மூச்சு விட நேரமில்லை. சம்பா அறுப்பு முடிந்தது. மிஷின் கிடைக்க ஒரு வாரம் காத்திருந்து, பிறகு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் அது இது என்று நாலு நாள் காவல். எல்லாம் நான் ஒருத்திதான். கொழுந்தன் ராஜ்குமார் ஒத்தாசைக்கு வந்தார், செய்ததைவிட ஆலோசனை அதிகம் சொன்னார். அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்துவிட்டோம், முளைப்பு பரவாயில்லை.

வரைபடத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுகிறேன். ரெண்டு வாரத்தில் பன்னிரண்டையும் பார்த்தாயிற்று. நீ சொன்ன மாதிரியே குழாயைத் திறந்து பார்த்தேன். நம் தாளில் ‘குடிநீர்’ என்று போட்டிருந்த நாலில் ரெண்டில் தண்ணீர் வரவில்லை, ஒன்றில் குழாயே இல்லை. பந்தல் போடுகிறவர்களைக் கேட்டால், “அதெல்லாம் சித்திரைக்கு வந்துடும் தங்கச்சி” என்கிறார்கள். வரட்டும், வந்ததும் எழுதுகிறேன்.

அடுத்தது பரீட்சை. ஹாஜா மைதீன் அண்ணனிடம் போய், “நான் ஒரு இடத்துக்குப் போய் நின்னுகிட்டு பேரை மட்டும் அனுப்புவேன், வேற எதுவும் கேக்காம நீங்க வரணும்” என்றேன். மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டார். அன்றைக்கு அந்தத் தப்பான பந்தலில் ஒவ்வொரு ஆளாய்ப் பிடித்து, “யாருக்குப்பா முடியல, யாருக்குப்பா முடியல” என்று கேட்டுக்கொண்டு திரிந்தது அவருக்கும் ஆறாமல் கிடக்கிறது.

பன்னிரண்டில் ஒன்பதுக்கு நேரே வந்தார். மூன்றில் கோட்டை விட்டோம், தப்பு என்னுடையது. இப்போது ஆற்றில் தண்ணீர் நிறுத்தியாயிற்று இல்லையா, நான் பாட்டுக்கு மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்து போய்ப் புள்ளி வைத்திருக்கிறேன். நடக்கிறவர்களுக்கு அது நாலு எட்டு. வண்டி மணலில் இறங்குமா? அண்ணன் எதிர்க்கரையில் நின்றுகொண்டு, “நீ தெரியுற தங்கச்சி, வரத்தான் முடியல!” என்று கத்துகிறார். பாலம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்படியே அழுகையும் வந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி ஒவ்வொரு பெயரோடும் வடகரை, தென்கரை சேர்த்து எழுதப் போகிறேன். ‘கொள்முதல் நிலையம் எதிரில், தென்கரை’. சரிதானே? தப்பாய்ப் போட்ட அந்த மூன்றையும் சரியான கரைக்கு எப்படி மாற்றுவது? நீ கொடுத்த தாளில் அது இல்லை.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். ‘தியாகு அண்ணனைக் கேட்டதாகச் சொல்’ என்ற இடத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்துக்கொள்.

பூர்ணிமா


பெங்களூரு
17.2.2026

அன்புள்ள பூர்ணி,

வடகரை தென்கரை பிரமாதம். பத்து வருஷமாக வரைபடம் போடுகிறேன் என்று பீற்றிக்கொள்கிறேனே, எனக்கு அது தோன்றவில்லை பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கிறவள், மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு கோடு. கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு உன்னிடம் உதவி கேட்ட அதே ஷைலஜாதான் இன்னும்.

அந்த மூன்றையும் மாற்ற வேண்டாம். அழித்துவிட்டுப் புதிதாய்ப் போட்டால் போதும், அதுதான் சுலபம்.

பூர்ணி, போன வருஷத்துப் புள்ளிகளை மட்டும் தயவு செய்து எனக்கு விட்டுவிடு. காரணம் கேட்காதே. இருபத்தைந்து வருஷத்து சிநேகிதத்தில் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? மூன்று பக்கம் எழுதினாய், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. நெல் எப்படி இருக்கிறது, உளுந்து எப்படி இருக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டேன். நீ சாப்பிடுகிறாயா?

உன்,
ஷைலு


பூதலூர்
1.3.2026

ஷைலு,

பார்த்துவிட்டேன்.

எதைத் தொடாதே என்று ரெண்டு தடவை எழுதினாயோ அதைத்தான் தொட்டேன். என் சுபாவம் தெரிந்தவள் நீ, தொடாதே என்று எழுதியிருக்கவே கூடாது. அழிக்கலாம் என்று இவரைப் படுக்கவைத்த அந்தப் புள்ளியைத் திறந்தபோது ஓரத்தில் ‘வரலாறு’ என்று ஒன்று இருந்தது. என்ன அது என்று அமுக்கினேன். ஒவ்வொரு புள்ளியையும் யார் வைத்தார்கள், யார் மாற்றினார்கள், எந்தத் தேதியில், எல்லாம் வரிசையாய் நிற்கிறது.

முதலில் நீ. ‘8’ என்று வைத்திருக்கிறாய். உன் தாளிலும் எட்டு. ரெண்டும் ஒன்றுதான். நீ தப்பே செய்யவில்லை.

நடைக்கு ரெண்டு நாள் முன்னால் அதை ‘5’ என்று மாற்றியிருக்கிறது ‘பூதலூர் தியாகு’. மாற்றியதற்குக் காரணம் எழுதும் இடத்தில், ‘எங்க ஊரு நடைய எங்க வாசல்லேருந்துதான் எண்ணணும்’. பன்னிரண்டையும் மாற்றியிருக்கிறார். தஞ்சாவூர் பக்கத்து மூன்று பந்தலுக்கு எண்ணே இல்லை, வெறுமனே விட்டுவிட்டார். மத்தியானம் ரெண்டு மணி. நான் சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டு, கடையை அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் நேரம். என் கடையில், என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

சிட்டா எடுக்க வந்தவர் மூன்று தடவை கூப்பிட்டாராம்.

உனக்கு எப்போது தெரியும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் தலை குனிந்து நின்றாயே, அப்போதே தெரியுமா? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றாயா?

நேரே பதில் சொல். சுற்றி வளைக்காதே.

பூர்ணிமா


பெங்களூரு
8.3.2026

அன்புள்ள பூர்ணி,

அப்போதே தெரியும்.

நீ தியாகு அண்ணனோடு ஆம்புலன்ஸில் ஏறியபோது நான் பின்னால் ஆட்டோவில் வந்தேன். வரும் வழியிலேயே போனில் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்லத்தான் ஓடி வந்தேன். அதற்குள் நீ என்னைப் பார்த்து, “உன்னாலதான்டி” என்று அலறினாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கிடந்தார். அந்த நேரத்தில், “என்னால இல்ல, அவராலதான்” என்று எந்த வாயால் சொல்வேன்?

அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் நீ என்னை ப்ளாக் செய்துவிட்டாய். உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு விதத்தில் சௌகரியமாகவும் இருந்தது. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கழுவி விடுகிறவள் நீ. அந்தக் கோபத்தோடு எப்படி அவரைத் தொடுவாய்? உன் கோபத்தை நான் தாங்குவேன், பாதி உடம்போடு இருக்கிறவர் தாங்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உன்,
ஷைலு


பூதலூர்
17.3.2026

அன்புள்ள ஷைலு,

நீ செய்தது சரி இல்லை.

உன்னைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோவேன். பதினோரு மாதம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னை இழுத்திருக்கிறேன். ஹாஜா மைதீன் அண்ணன் உட்பட எல்லாரிடமும், “ஷைலஜா மேல தப்பில்ல, நான்தான் தெரியாம பேசிட்டேன்” என்று ஒவ்வொருவராய்ச் சொல்லி வருகிறேன். இன்னும் நாலைந்து பேர் பாக்கி.

ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை. என் கோபத்திலிருந்து அவரைக் காப்பாற்றினாய், சரி. நான் உன்னைத் திட்டியதெல்லாம் எங்கே உட்கார்ந்து? அவர் கட்டிலுக்கு எதிரில். கஞ்சி ஊட்டிக்கொண்டே திட்டுவேன், கையைப் பிடித்து நீவிக்கொண்டே திட்டுவேன். தான் செய்ததற்கு இன்னொருத்தி பேச்சு வாங்குவதை மனுஷன் தினம் தினம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். கட்டிலை அறைந்து அறைந்து, “இல்ல, இல்ல” என்று கத்தியிருக்கிறார். நான் அதை வியாதி என்று நினைத்தேன். என் கோபத்தைவிட அது எவ்வளவு பெரிய தண்டனை! நீயும் நானும் சேர்ந்து கொடுத்திருக்கிறோம். இனிமேல் என் நன்மைக்கு என்று எதையும் என்னிடம் மறைக்காதே. அவ்வளவுதான் என் கோபம்.

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து, “பார்த்துட்டேன்” என்றேன். எதை என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. சுவர் பக்கம் திரும்பப் பார்த்தார், நான் விடவில்லை. முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

திட்டினேன், ஷைலு. நன்றாகத் திட்டினேன். “ஊர்க் கௌரவம் பெருசாப் போச்சா உங்களுக்கு? எல்லாரும் பேசி வச்சதை யாருகிட்டயும் சொல்லாம மாத்துவீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? அந்தப் புள்ள வாங்காத பேச்செல்லாம் வாங்கியிருக்காளே!” என்று அரை மணி நேரம். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா பதறிப்போய், “முடியாதவர்கிட்ட என்ன பூர்ணிமா இது” என்று ஓடி வந்துவிட்டார். பதினோரு மாதமாக அவரிடம் “ராஜால்ல, வாயைத் திறங்க” என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் புருஷனிடம் பேசுவது போலப் பேசினேன். அவர் கண்ணைத் தாழ்த்தவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, “ஆ... ஆமா” என்றார்.

பத்து மாதமாகப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே வராத வார்த்தை.

அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம், அதை எழுத வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர்க் குழுவையும் எங்கள் குழுவையும் எங்கள் கோயில் வாசலில் உட்காரவைத்தேன். எண் வேண்டாம், பெயர்தான் என்றேன். “எத்தனையாவது பந்தல்னு சொல்லாட்டி நடக்கிறவனுக்கு எப்படி உற்சாகம் வரும்?” என்று எங்கள் ஊர் பஞ்சநதம் மாமா எழுந்துவிட்டார். “வாயால எத்தனை வேணாலும் எண்ணிக்குங்க மாமா, போன்ல மட்டும் பேரைச் சொல்லுங்க” என்றேன். ஒரு மணி நேரம் இழுத்தார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இடது கையால் என் கையிலிருந்த தாளை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவர் சொன்னதற்காகத்தான் வருஷா வருஷம் நடக்கிறவர்கள். பெயரே போதும் என்று முடிவாயிற்று.

தப்பாய் விழுந்திருந்த மூன்றையும் சரியான கரைக்கு மாற்றிவிட்டேன். நேற்று மறுபடி பரீட்சை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தூரமானதுக்கே பதினாலு நிமிஷம்தான்.

நடையன்று இவர் ஹாஜா மைதீன் அண்ணன் வண்டியில் முன்சீட்டில் வரைபடத்தோடு உட்காரப் போகிறார். அண்ணனே வந்து கேட்டார். நான் நடக்கிறேன். நீயும் என்னோடு நடக்கிறாய். காலில் கொப்புளம் வந்தால் அது உன் பாடு.

முன்னாடியே கிளம்பி வா. இவரைப் பார்த்ததும் “ஐயோ அண்ணா” என்று அழுது வைக்காதே. வந்து நிற்கிற அத்தனை பேரும் அதைத்தான் செய்கிறார்கள். நீ அவர் எதிரில் உட்கார்ந்து, உன் பங்குக்கு நாலு வார்த்தை திட்டு. காத்துக்கொண்டிருக்கிறார்.

உன்,
பூர்ணி